எதுக்கு மாஸ்டர் முன்ஜாமீன் வாங்கிய கதை

யாராவது வணக்கம் சொன்னால் திருப்பி வணக்கம் சொல்வது உலக வழக்கம். அந்தத் தெருவில் தையல்கடை வைத்திருந்தவர் மட்டும் “எதுக்கு?” என்று கேட்பார். நலம் விசாரித்தவரிடமும் எதுக்கு, மணி கேட்டவரிடமும் எதுக்கு. ஒருமுறை ஒருவர் சட்டை பிரமாதமாக அமைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கி, உள்ளும் புறமும் திருப்பிப்போட்டு, எங்கே தப்பு நடந்தது என்று அரைமணி நேரம் தேடினார். பாராட்டியவர் பனியனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு எதுக்கு மாஸ்டர் என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயர் வைத்தவர் யார் என்பதை அவர் இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பத்துக்குப் பதினாலு அடியில் கடை. முன்னால் துணி வெட்டும் மேஜை, பின்னால் இரண்டு தையல் மெஷின்கள். குனிந்து வெட்டும்போது முதுகுக்குப் பின்னால் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிவதற்காகச் சுவரில் சாய்வாக ஒரு கண்ணாடி. கதவுக்கு மூன்று பூட்டு. ஒன்றின் சாவி அவரிடம், இன்னொன்றின் சாவி மனைவியிடம். மூன்றாவது சாவியை யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் அவரே ஒளித்துவைத்தார். அந்த யாரும் என்பதில் அவரும் சேர்ந்துகொண்டதால், மூன்றாவது பூட்டு பல வருடங்களாகத் திறந்தபடியே தொங்குகிறது.

மாஸ்டர் துணி வெட்டுவார். தங்கையின் கணவர் மெஷினில் தைப்பார். தங்கை காஜா எடுத்து, பட்டன் வைத்து, ஓரம் அடிப்பாள். மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் சட்டை வெளியே போகாது. குடும்பத்தாருக்கான துணியை மட்டும் மாஸ்டரே வெட்டி மாஸ்டரே தைப்பார். அது பாசம் என்று தங்கை வெகுகாலம் நினைத்திருந்தாள். மாப்பிள்ளையின் சட்டையை மாப்பிள்ளையையே தைக்கவிட்டால் ஓரத்தில் அரை அங்குலம் துணியைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வார் என்பதுதான் உண்மைக் காரணம்.

கடையின் உயிர் ஒரு நீள நோட்டுப் புத்தகம். இருபத்தாறு வருட வாடிக்கையாளர்களின் கழுத்து, மார்பு, தோள், கை, எல்லா அளவும் அதில் இருந்தன. அளவு எடுக்கும்போது மாஸ்டர் எண்களை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். உதட்டுக்குள் முணுமுணுத்து, இடது கையால் மறைத்து எழுதி, நோட்டை மூடி, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடுவார்.

மாப்பிள்ளை பதினேழு வருடம் மெஷின் மிதித்தபிறகு, அடுத்த தெருவில் சொந்தமாகக் கடை போட்டார். தங்கையும் கூடவே போனாள். மாஸ்டர் “எதுக்கு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மாப்பிள்ளை முன்னேற்றம் பற்றி ஏதோ சொன்னார். மாஸ்டர் தலையாட்டினார். ஏனென்றால் அதற்கு ஒரு வாரம் முன்பே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடியவர் விழித்துப் பார்த்தபோது, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு வடக்கே திரும்பியிருந்தது. அவர் அதைக் கிழக்கே வைத்திருந்தார். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மாப்பிள்ளை போனில் படம் எடுத்திருக்கிறார் என்பது புரிந்தது. மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியைக் கிழக்கே திருப்பிவைத்துவிட்டு, ஒரு டீ வரவழைத்துக் குடித்தார்.

அந்த நிம்மதிக்குக் காரணம் உண்டு. நோட்டில் எழுதும் ஒவ்வொரு அளவோடும் அவர் மூன்று அங்குலம் கூட்டி எழுதுவார். வெட்டும்போது மனதுக்குள் மூன்றைக் கழித்துக்கொள்வார். திருடன் வந்தால் என்ன செய்வது என்று கடை திறந்த நாளன்றே யோசித்துச் செய்த ஏற்பாடு. திருடன் வர இருபத்தாறு வருடம் ஆனது என்றாலும் ஏற்பாடு வீண்போகவில்லை.

மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். தெருமுனைப் பள்ளித் தலைமை ஆசிரியரின் கழுத்து குடைக்கம்பி மாதிரி இருக்கும். நோட்டில் பதினேழு அங்குலம் என்று இருந்தது. ஆனால் மாப்பிள்ளை, மச்சான் நோட்டில் தப்பு இருக்காது என்று நம்பினார். அந்தக் குடும்பத்தில் யாரையும் நம்பியவர் அவர் ஒருவர்தான், அதற்கான பலனையும் அனுபவித்தார். முதல் வாரத்தில் தைத்துக் கொடுத்த மூன்று சட்டைகளும் திரும்பி வந்தன. தலைமை ஆசிரியரின் காலருக்குள் அவருடைய கழுத்தும், துணைத் தலைமை ஆசிரியரின் கழுத்தும் தாராளமாகப் போகும் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை அந்த மூன்று சட்டைகளையும் கொண்டுவந்து மாஸ்டரின் மேஜையில் வீசினார். பின்னாலேயே தங்கையும் ஓடிவந்தாள். மாப்பிள்ளை திருட்டு நோட்டு என்றார். திருடியவர் சொல்கிற பேச்சா என்றார் மாஸ்டர். மாப்பிள்ளை மாஸ்டரின் காலரைப் பிடித்தார். மாஸ்டரின் கையில் மரஸ்கேல் இருந்தது. பிறகு ஸ்கேல் இரண்டாகவும் மாப்பிள்ளையின் நெற்றி சிவப்பாகவும் இருந்தன. ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். சேதி கேட்டதும் மாஸ்டர் தன்னையறியாமல், “எவ்வளவு இடைவெளி விட்டு?” என்று கேட்டதை மனைவி வெகுநாள் மன்னிக்கவில்லை.

இதுவரை குடும்பச் சண்டை. சாயங்காலம் அது வழக்காகிவிட்டது. மாஸ்டர் துணி வெட்டும் பெரிய கத்தரியால் வயிற்றில் குத்த வந்தார், தான் விலகியதால் போட்டிருந்த சட்டையைக் கத்தரி அக்குளிலிருந்து கீழ்வரை கிழித்துக்கொண்டு போனது, பிறகு ஸ்கேலால் மண்டையை உடைத்தார் என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தார். கிழிந்த சட்டையும் போலீஸிடம் போய்ச்சேர்ந்தது. ஸ்கேல் மட்டும் என்றால் அடிதடி. கத்தரி சேர்ந்தால் கொலை முயற்சி. இரண்டுக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு சட்டை.

மனைவி ஏற்பாடு செய்த வக்கீலம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் முன்ஜாமீன் மனு விசாரணைக்கு வரும். கிடைத்தால் வீட்டுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் அன்று மாலையே பிடித்துவிடுவார்கள். சனி, ஞாயிறு கோர்ட் கிடையாது. கொலை முயற்சி என்று உள்ளே போனால் எப்போது வெளியே வருவார் என்று அவரால் சொல்ல முடியாது. அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும்.

மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. வக்கீலம்மாவின் தலைக்குமேல் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் புதுக்கடைக் காலண்டர்.

“இது எதுக்கு இங்க இருக்கு?”

“தேதி பாக்கறதுக்கு” என்றார் வக்கீலம்மா.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

ஒளிந்திருக்க இடம் கொடுத்தவர் மனைவியின் அண்ணன். இரும்புக்கட்டில் வியாபாரி. அவருடைய குடோனில் நாற்பத்திரண்டு கட்டில்கள் அடுக்கியிருந்தன. ஒன்றுக்கும் மெத்தை கிடையாது. மைத்துனர் எதுக்கு இவ்வளவு அன்பாக இருக்கிறார், கதவை எதுக்கு வெளியே பூட்டிவிட்டுப் போகிறார், சுமை இறக்க வந்தவன் எதுக்குத் தன்னைப் பார்த்ததும் விசிலை நிறுத்தினான் என்று மாஸ்டர் கட்டில் மாற்றிக் கட்டில் உட்கார்ந்து யோசித்தார். ஒரே கட்டிலில் தொடர்ந்து உட்கார்ந்தால் இடம் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

வியாழக்கிழமை காலை மனைவி நாத்தனாரைப் பார்த்துச் சமாதானம் பேசப் போனாள். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. மாஸ்டர் கட்டில் அடுக்குகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார்.

“உங்க தங்கச்சி நோட்டை முழுசா பாத்துட்டாளாம். அவ வீட்டுக்காரர் போன்ல இருக்கில்ல, அதுல.”

“எதுக்குப் பாத்தா?”

“முதல் பக்கத்துல அவளோட ஸ்கூல் யூனிஃபார்ம் அளவு இருக்காம். பதினஞ்சு வயசுல எடுத்தது. அதுலயும் மூணு கூட இருக்காம்.”

மாஸ்டர் பக்கத்துக் கட்டிலுக்கு மாறி உட்கார்ந்தார்.

“அப்போ அவ வீட்டுக்காரரும் கடைக்கு வரல, நானும் வரல. கடையில நீங்களும் அவளும்தான். அந்த மூணு அங்குலம் யாருக்காகக் கூட்டினதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னா.”

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக மாஸ்டர் எதுக்கு என்று கேட்க மறந்தார். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டாலும் தங்கையை மட்டும் சந்தேகப்பட்டதில்லை என்பது அவர் தன்னைப் பற்றி வைத்திருந்த நல்லெண்ணங்களில் ஒன்று. அதிகம் இல்லாத பட்டியல் அது. அதிலும் ஒன்று போய்விட்டது.

மாலை வக்கீலம்மாவின் குமாஸ்தா மனுவைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். மாஸ்டர் ஒவ்வொரு வரியாக, பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஐந்தாவது பத்தியில் நின்றார். மேற்படி சட்டையின் தையல் பலவீனமாக இருந்தபடியால் கைகலப்பில் அது தானாகவே பிரிந்துபோயிற்று என்று இருந்தது.

அந்தச் சட்டை மாஸ்டர் தன் கையால் வெட்டி, தன் கையால் இரட்டைத் தையல் போட்டது. கொலைகாரன் என்று எழுதியபோது வராத கோபம் இப்போது வந்தது. வக்கீலம்மாவை மாப்பிள்ளை விலைக்கு வாங்கிவிட்டார், தன் கடையை இழுத்துமூட வைக்கும் சதி இது, காலண்டரைப் பார்த்தபோதே தெரியும் என்றார். கையெழுத்துப் போட முடியாது என்றார்.

“சரி, போடாதீங்க” என்றாள் மனைவி. “உள்ள போய் உறுதியா தைச்சுக்கிட்டு இருங்க. அங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்புதான். அளவு நோட்டுகூட வேண்டாம்.”

மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். பேனா துணியில் ஊசி இறங்குகிற மாதிரிதான் இறங்கியது, ஆனால் தன் விரலில்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுப் பக்கமே வரக் கூடாது என்று வக்கீலம்மா மூன்று தடவை சொல்லியிருந்தார். ஒருவர் மூன்று தடவை வராதே என்று சொன்னால் அங்கே ஏதோ நடக்கப்போகிறது என்றுதானே பொருள். இரண்டரை மணிக்கு மாஸ்டர் கோர்ட்டின் கடைசி பெஞ்சில், மைத்துனரின் தொப்பியோடு, செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோர்ட்டில் பேப்பர் படிக்கக் கூடாது என்று சேவகர் வந்து பிடுங்கிக்கொண்டு போனார். மூன்றாவது வரிசையில் இருந்த இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். மாஸ்டர் வாழ்க்கையில் பார்த்த சிரிப்புகளிலேயே அதிகச் சந்தேகத்துக்குரியது அது.

முன்னால் மாப்பிள்ளை நெற்றிக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தங்கை. இந்தப் பக்கம் மனைவி. அவள் திரும்பிக் கணவனைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அரசு வக்கீல் சட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினார். இடது பக்கம் அக்குளிலிருந்து கீழ்வரை திறந்து தொங்கியது. கத்தரிதான் என்றார். வக்கீலம்மா எழுந்து, ஐந்தாவது பத்தியைப் படித்தார். பலவீனமான தையல், இழுத்ததும் வந்துவிட்டது, மனுதாரரின் கைவேலை அவ்வளவு தரமானதல்ல என்று மனுவில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்.

அரசு வக்கீல் விடவில்லை. மனுதாரர் இருபத்தாறு வருட அனுபவம் உள்ளவர், அவர் தைத்த சட்டை துணி நைந்தாலும் தையல் விடாது என்பது அந்த வட்டாரமே அறிந்தது, தானே அவரிடம் தைத்த கோட்டைத்தான் இப்போது போட்டிருப்பதாகச் சொல்லி, கையை உயர்த்தி அக்குள் தையலை நீதிபதிக்குக் காட்டினார்.

மாஸ்டர் பெரிய சங்கடத்தில் மாட்டிக்கொண்டார். தன்னைக் காப்பாற்ற வந்தவர் தன் தொழிலைக் கொல்கிறார். தன்னை உள்ளே தள்ள வந்தவர் வாயாரப் புகழ்கிறார். புகழ்ச்சியில் நெஞ்சு விரிந்தது. அந்த விரிந்த நெஞ்சோடு ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்பதும் புரிந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தையல் அவ்வளவு உறுதின்னா வெட்டினதாத்தானே இருக்கணும்” என்றார், கிட்டத்தட்டத் தனக்குள்.

அரசு வக்கீல் சட்டையை மேஜையில் வைத்தபோது அது திரும்பி, உள்பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் விழுந்தது. கடைசி பெஞ்சிலிருந்து மாஸ்டர் அதைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் தெருவையே பார்த்துப் பழகிய கண். எழுந்துவிட்டார். தான் எழுந்தது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

“ஐயா, அது வெட்டினதும் இல்ல, கிழிஞ்சதும் இல்ல.”

“யார் நீங்க?”

“நான்தாங்க குத்தம் பண்ணினவன். பண்ணினதா சொல்றாங்கல்ல, அவன்.”

இன்ஸ்பெக்டர் இருக்கையில் நிமிர்ந்தார். வக்கீலம்மா ஃபைலை மெதுவாக மூடினார். நீதிபதி, மனுவில் தையல் பலவீனம் என்று கையெழுத்துப் போட்டிருப்பது இவர்தானா என்று கேட்டார். வீட்டில் போடச் சொன்னார்கள் என்றார் மாஸ்டர்.

பிறகு நின்ற இடத்திலிருந்தே விளக்கினார். கத்தரி பட்டிருந்தால் துணி வெட்டுப்பட்டிருக்கும். இதில் துணி முழுசாக இருக்கிறது. இழுத்துக் கிழிந்திருந்தால் ஊசி ஓட்டைகள் நீண்டு, துணி இழைவிட்டிருக்கும். இதில் ஓட்டைகள் பொட்டு வைத்த மாதிரி இருக்கின்றன. உள்பக்கம் ஒட்டியிருக்கும் நூல் துண்டுகளைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் ஒரே நீளம். நாலு தையலுக்கு ஒரு தையலாக நிதானமாக அறுத்து, மறுபக்க நூலை ஒரே இழையாக உருவியிருக்கிறார்கள். அவசரத்தில், சண்டையில், கோபத்தில் யாராலும் இதைச் செய்ய முடியாது. நல்ல வெளிச்சத்தில் மடியில் போட்டுக்கொண்டு செய்த வேலை. சட்டை வீணாகக் கூடாது, நாளைக்குத் திருப்பித் தைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் செய்த வேலை.

நீதிபதி சட்டையை முகத்தருகே கொண்டுபோனார். அரசு வக்கீலும் வந்து குனிந்தார். இருவரும் நூல்களை எண்ணுகிற மாதிரி இருந்தது.

“கீழ ஒரு முடிச்சு இருக்கே” என்றார் நீதிபதி.

மாஸ்டர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தார். பிரிக்கும்போது தையல் வேண்டிய இடத்துக்குமேல் ஓடிவிடக் கூடாது என்று, முடிகிற இடத்தில் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பவர்கள் தொழிலில் அதிகம் இல்லை. நூலை இரண்டு சுற்றி, ஊசிமுனையால் அழுத்தி இறுக்கிய முடிச்சு. இருபத்தாறு வருடமாக அவருடைய வலது பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்திதான் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“அப்போ யார் பிரிச்சாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?”

பொய்ச் சாட்சி தயாரித்தவரை என்ன செய்வார்கள் என்று மாஸ்டருக்குத் தெரியாது. நல்லது செய்ய மாட்டார்கள் என்று தெரியும். வாழ்நாள் முழுக்கப் பட்ட ஆயிரம் சந்தேகங்களில் முதன்முறையாக ஒன்று சந்தேகமே இல்லாமல் கையில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னால் வழக்கே உடைந்துவிடும். இன்று மாலையே கடையைத் திறக்கலாம்.

“தெரியலைங்க” என்றார். “தொழில் தெரிஞ்சவங்க யாரோ.”

“அப்போ நெத்திக் காயம்?”

“அது நான்தாங்க. ஸ்கேல். ஒரே அடி.”

வக்கீலம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி சிறிது நேரம் எழுதினார். இந்த வழக்கில் இரண்டு தரப்பும் சொல்லாததை மனுதாரரே சொல்லியிருக்கிறார் என்று குறிப்பிட்டுவிட்டு, கத்தரிக்கு ஆதாரம் தெரியவில்லை என்றும், சட்டை எப்படிப் பிரிந்தது என்பதைப் போலீஸ் விசாரிக்கலாம் என்றும் சொன்னார். முன்ஜாமீன் கிடைத்தது. இரண்டு வாரம் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. புகார் கொடுத்தவரிடமோ சாட்சிகளிடமோ நேரில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் தங்கையுடையது.

வெளியே தாழ்வாரத்தில் வக்கீலம்மா மாஸ்டரைத் திட்டி முடிக்கக் கால்மணி நேரமானது. எந்தக் கட்சிக்காரரும் தன் வாதத்தை இப்படிக் கெடுத்து ஜெயித்ததில்லை என்றார். ஆணையின் முத்திரை அசலா என்று மாஸ்டர் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

எதிர்த்தூண் அருகே தங்கை நின்றாள். மாப்பிள்ளை படியிறங்கிப் போய்விட்டிருந்தார். மாஸ்டர் ஓரடி எடுத்துவைத்தார். வக்கீலம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார். அங்கேயே நின்றால் சரி, பேசினால் ஜாமீன் போய்விடும் என்றார்.

தங்கையும் அதைக் கேட்டாள். அவள் அண்ணனைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்துப் பேசினாள். அண்ணிக்குக் கேட்பதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

“அண்ணி, சட்டையைக் கிழிச்சுக் கொடுன்னு அவர் சொன்னார். கத்தரியை எடுத்துட்டேன். நல்ல துணி. மனசு வரல.”

மனைவி திரும்பி, “மனசு வரலையாம்” என்றாள்.

“கேட்டுச்சு” என்றார் மாஸ்டர்.

“ஏன் என் பேரைச் சொல்லலன்னு கேளுங்க அண்ணி.”

மனைவி கேட்டாள். மாஸ்டர் ஆணையை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“பேரைச் சொல்ற அளவுக்கு எனக்கு என்ன தெரியும்னு சொல்லு. அப்புறம், இனிமே பொய்ச் சாட்சி செய்யறதுன்னா துணியைப் பாக்காம கிழிக்கச் சொல்லு. முடிச்சு போடறவளுக்கு எதுக்கு இந்த வேலை.”

மனைவி நாத்தனாரிடம் போனாள். காதருகே குனிந்து பேசினாள். மாஸ்டர் சொன்னது இரண்டு வரி. மனைவி வெகுநேரம் பேசினாள். நடுவில் தங்கை ஒரு தடவை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணி சொன்ன எதற்கோ தலையசைத்தாள்.

மனைவி திரும்பி வந்ததும், தான் சொன்னதை அப்படியே சொன்னாளா என்று மாஸ்டர் கேட்டார். அப்படியே சொன்னேன் என்றாள். இரண்டு வரிக்கு எதுக்கு அவ்வளவு நேரம் என்று கேட்டார். அவள் படியிறங்கினாள். மாஸ்டர் ஆணையைச் சட்டைப்பைக்குள் வைத்து, பையைக் கையால் மூடிக்கொண்டு பின்னால் போனார். இந்தத் தடவை அவர் மறுபடி கேட்கவில்லை.